வாயில் வெள்ளை படிந்தால்: அடுக்களையும் ஆஸ்பத்திரியும்

(வாசுதேவநல்லூர் வட்டாரத்துத் தம்பதிகள் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் பேசியது)



உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிந்தாமணிநாதர் சந்நிதியில் சாமி ஒரு பக்கம், அம்மன் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கவில்லை. ஒரே திருமேனியில் பாதி அப்பன், பாதி அம்மை. பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பிள்ளை அழுதால், "ஏ, என்னன்னு பாரு" என்று மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆண்கள் வயலுக்கோ கடைத்தெருவுக்கோ போய்விடுகிறோம்.

இன்று நான் பேசப்போகும் விஷயத்தை அப்படி ஒருவர் தலையில் கட்டிவிட முடியாது. பார்த்தால் சின்ன வியாதி. பச்சைப்பிள்ளையின் வாயில் வெள்ளை படிவது. ஆனால் அதே வியாதி தாயின் மார்பில் வரும், தாத்தாவின் பல் செட்டுக்கு அடியில் வரும், சர்க்கரை வியாதி உள்ள தகப்பனின் நாக்கிலும் வரும். இதைத் தடுக்க நம் அடுக்களையில் என்ன இருக்கிறது, எது பிரயோஜனப்படும், எது பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்பதை இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

அது என்ன வியாதி?

குழந்தையின் நாக்கு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், ஈறு ஆகிய இடங்களில் தயிர்த் திப்பி போல வெள்ளை ஒட்டியிருக்கும். பெரியவர்கள் சிலர் இதை அக்கரம் என்று சொல்லுவார்கள். "பால் குடிச்ச பிள்ளை, நாக்கு வெள்ளையாத்தானே இருக்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நன்றாகக் கை கழுவிக்கொண்டு, சுத்தமான மெல்லிய துணியை நனைத்து விரலில் சுற்றி, மெதுவாக ஒற்றிப் பாருங்கள். பால் திப்பி என்றால் சுலபமாக வந்துவிடும். வராமல் ஒட்டிக்கொண்டிருந்தாலும், எடுபட்ட இடம் சிவந்து புண்ணாகத் தெரிந்தாலும் அது பூஞ்சைக் கிருமி. அதற்கு மேல் சுரண்டக் கூடாது. சுரண்டினால் ரத்தம் கசியும், பிள்ளை பால் குடிக்க மறுக்கும்.

இந்தக் கிருமிக்குக் கேண்டிடா என்று பெயர். ஈஸ்ட் என்று சொல்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்தது. இது எங்கிருந்தோ பறந்து வருகிற கிருமி அல்ல. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய வாயிலும் வயிற்றிலும் சாதுவாகக் குடியிருப்பதுதான். அதை அடக்கி வைத்திருப்பவை இரண்டு. ஒன்று நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. இன்னொன்று அதே வாயில் குடியிருக்கும் நல்ல கிருமிகள். இவை தளர்ந்தால் பூஞ்சை தலை தூக்கும்.

பனையேறும் குடும்பத்தார் இங்கே இருந்தால் இது உடனே புரியும். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் என்ன ஆகும்? பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஏன்? பதநீரில் இனிப்பு இருக்கிறது. அந்த இனிப்பைத் தின்று ஈஸ்ட் பெருகுகிறது. வாயும் ஒரு கலயம்தான். ஆனால் வாயில் சுண்ணாம்பு தடவ முடியாது. இனிப்பைக் குறைப்பதுதான் நமக்குள்ள வழி.

பிள்ளைக்கு முதல் ஆகாரம்

நம் தெற்குச் சீமையில் சேனை வைக்கிற வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்ததும் வீட்டில் பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் வைப்பார். சில இடங்களில் கழுதைப்பால் தேடிப் போவாரும் உண்டு. "சேனை தொட்டு வைக்காட்டா பிள்ளை யாரு குணத்தைக் கொண்டு வளரும்?" என்று ஆச்சிமார் கேட்பார்கள். அவர்கள் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்துச் செய்வதில்லை; ஆசையால் செய்கிறார்கள். ஆனால் காரியம் கெடுதலாக முடிகிறது.

எப்படி என்று சொல்கிறேன். பிறந்த குழந்தையின் வாயில் நல்ல கிருமிகள் இன்னும் குடியேறவில்லை. எதிர்ப்புச் சக்தியும் முழுமையாக வரவில்லை. அந்த நேரத்தில் வைக்கும் இனிப்பு, பூஞ்சைக்கு நாமே போடுகிற தீனி. தொட்டு வைக்கிற விரலில் கிருமி இருந்தால் அதுவும் கூடப் போகும். தேனில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு. போட்டுலிசம் என்ற கொடிய விஷத்தை உண்டாக்கும் கிருமியின் வித்து தேனில் இருக்கக்கூடும். பெரியவர் வயிற்றில் அது முளைக்காது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்துவிடும். பிள்ளைக்கு மலம் கட்டும், அழுகுரல் மெலியும், பால் இழுக்கச் சக்தி இராது, கடைசியில் மூச்சே திணறும். குழந்தைகளுக்கு இப்படி வருவதை அமெரிக்காவில் 1976-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒரு வயது நிறையும் வரை தேன் ஒரு சொட்டும் வேண்டாம். கொம்புத்தேன், மலைத்தேன், சுத்தமான தேன் என்று சொல்லிக் கொடுத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று வெங்காரம். அக்கரத்துக்கு வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவுவது பழைய கை வைத்தியம். வெங்காரம் பச்சைப்பிள்ளையின் உடம்பில் விஷமாக வேலை செய்யும். இதைத் தடவி வலிப்பு வந்த குழந்தைகளைப் பற்றி வெளிநாட்டு வைத்தியர்களும் எழுதியிருக்கிறார்கள். அதையும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் முதல் ஆகாரம் எது? சீம்பால்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். மஞ்சளாக, கெட்டியாக வருகிற அந்தச் சீம்பாலில் பிள்ளையைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி நிறைய இருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீரும் வேண்டாம், சீனித் தண்ணீரும் வேண்டாம், கிரைப் வாட்டரும் வேண்டாம்.

இதில் தகப்பன்மார்களுக்கு ஒரு வேலை உண்டு. சேனை வேண்டாம் என்று மருமகள் சொன்னால் வீட்டில் அது எதிர்ப்பேச்சு ஆகிவிடும். "நேத்து வந்தவ நமக்குப் புத்தி சொல்லுதா" என்று வருத்தம் வரும். அதையே மகன் பிரசவத்துக்கு முன்பே தன் தாயிடம் அமைதியாகச் சொன்னால் காரியம் நடக்கும். "அம்மா, நீங்க பிள்ளையைக் கையில வாங்கி ஆசீர்வாதம் பண்ணுங்க, நெத்தியில திருநீறு பூசுங்க, நாக்குல மட்டும் ஒண்ணும் வைக்காண்டாம்" என்று சொல்லுங்கள். குணம் சீனித் தண்ணீரில் வராது, வளர்ப்பில்தான் வரும் என்பது பெரியவர்களுக்கும் தெரியும்.

அடுக்களையில் இருப்பவை

பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் வாயைக் காத்துக்கொள்ள நம் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது தயிரும் மோரும். பாலைத் தயிராக்குகிற கிருமிகள் நல்ல கிருமிகள். அவை வாயிலும் குடலிலும் இடம் பிடித்தால் பூஞ்சைக்கு இடம் குறையும். இது வெறும் நம்பிக்கை இல்லை. பின்லாந்து நாட்டில் வயதானவர்களுக்கு 16 வாரம் நல்ல கிருமி சேர்த்த பாலாடைக் கட்டியைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-ல் வெளிவந்த அந்த ஆய்வில், வாயில் பூஞ்சை மிகுந்திருந்தவர்கள் நூற்றுக்கு 30 பேராக இருந்தது 21 ஆகக் குறைந்தது. சாதாரணப் பாலாடைக் கட்டி தின்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை. நம் வீட்டுத் தயிரை அதே அளவில் நிறுத்துப் பார்க்க முடியாது என்றாலும், மத்தியானம் ஒரு கிண்ணம் புதுத்தயிரோ ஒரு செம்பு மோரோ சாப்பிடுவது நல்லதே. சீனி போடக் கூடாது. போட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கியது போல ஆகும். ஆறு மாதம் கழிந்த பிள்ளைக்கு மசித்த தயிர்ச் சோறு கொடுக்கலாம்.

இரண்டாவது நீராகாரம். இரவு சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அதில் புளிப்பு ஏறுகிறதே, அதுவும் தயிரைச் சேர்ந்த நல்ல கிருமிகளின் வேலைதான். சுத்தமான தண்ணீர், மூடிய பானை, இவை முக்கியம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ரத்தத்தை ஊட்டுகிற ஆகாரம். ரத்தச் சோகை உள்ளவர்களுக்கு வாயின் தோல் மெலிந்து, நாக்கு வழவழவென்று ஆகி, கடைவாய் வெடித்துப் புண்ணாகும். அந்த வெடிப்பில் பூஞ்சை குடியேறும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகை, முட்டை, மீன், ஈரல் எல்லாம் ரத்தத்துக்கு நல்லவை. கர்ப்பிணிகள் கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஏறாது.

நான்காவது எலுமிச்சை. பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமை நமக்கு உண்டு. எலுமிச்சைச் சாற்றைப் பூஞ்சைக்குப் பயன்படுத்தலாமா என்று தென் ஆப்பிரிக்காவில் 90 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2009-ல் வெளிவந்தது. ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு, பெரியவர்களிடம் நடந்தது. புண்பட்ட வாயில் எலுமிச்சை நெருப்பாக எரியும், பல்லின் மேற்பூச்சையும் அரிக்கும். பிள்ளை வாயில் ஒருக்காலும் பிழியக் கூடாது. எலுமிச்சைக்கு உரிய இடம் சாப்பாட்டுத் தட்டு. கீரையில் நாலு சொட்டுப் பிழிந்து சாப்பிட்டால், கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு நன்றாக வாங்கிக்கொள்ளும்.

ஐந்தாவது பூண்டு, மஞ்சள், கிராம்பு, தேங்காய் எண்ணெய். இவற்றுக்குப் பூஞ்சையை அடக்கும் குணம் உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் சேர்த்த தீனி தின்ற எலிகளின் குடலில் கேண்டிடா குறைந்தது என்று 2015-ல் அமெரிக்காவில் எழுதினார்கள். ஆனால் கண்ணாடித் தட்டிலும் எலியிடமும் நடப்பது மனிதர் வாயில் அப்படியே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. குழம்பிலும் ரசத்திலும் இவை சேரட்டும், நல்லதே. பச்சைப் பூண்டை அரைத்துப் புண்ணில் வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு எண்ணெயை வாயில் ஊற்றிக் கொப்புளிக்கச் சொல்லாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எதைக் குறைப்பது என்பது. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, நாம் சாப்பிடும் மொத்தச் சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்த சர்க்கரையிலிருந்து வரக்கூடாது. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. பெரியவருக்கு அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம், அதாவது ஆறு சின்னக் கரண்டி. வீட்டில் இரண்டு, கடையில் மூன்று என்று டீ குடிக்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். "நான் சீனியே தொடுகதில்லை, கருப்பட்டிதான்" என்று சிலர் சொல்லுவார்கள். கருப்பட்டியும் வெல்லமும் பனங்கற்கண்டும் பூஞ்சைக்கு இனிப்புதான். இனிப்புத் தின்றால் உடனே வாய் கொப்புளியுங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைச் சின்னக் கரண்டி உப்புப் போட்டுக் கொப்புளிப்பதும் நல்லது.

வந்துவிட்டால் என்ன செய்வது?

மேலே சொன்னதெல்லாம் வருமுன் காக்க. வெள்ளை வந்து படிந்த பிறகு, தயிரும் மோரும் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். சிலர், "இங்கிலீஷ் மருந்து பிள்ளைக்கு உஷ்ணம், இயற்கையானதுதான் நல்லது" என்பார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாட்டின் என்ற மருந்தை 1950-ல் உலகுக்குச் சொன்னவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்மணிகள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் ஓர் ஊரில், மற்றவர் இன்னோர் ஊரில். மண்ணிலிருந்து வளர்த்த கிருமிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பிச் சோதித்தார்கள். கடைசியில் மருந்து கிடைத்தது ஒரு மாட்டுப் பண்ணையின் மண்ணில் இருந்த கிருமியிலிருந்து. ஆகவே அந்த மருந்தும் மண் கொடுத்ததுதான். அளவு பார்த்து, சுத்தம் செய்து, சோதித்துக் கொடுக்கிறார்கள் என்பதே வித்தியாசம். இந்நாளில் க்ளோட்ரிமசோல் என்ற மருந்தையும் வாயில் தடவக் கொடுப்பது உண்டு. வெள்ளை மறைந்த அன்றே நிறுத்தாமல், சொன்ன நாள் வரை போட வேண்டும். பழைய ஊதா மருந்து வீட்டில் மிச்சம் இருந்தால் நீங்களாகத் தடவ வேண்டாம்.

இங்கேதான் பலர் தவறவிடுகிற இடம். பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் வியாதி போய்ப் போய்த் திரும்பும். பிள்ளை வாயிலிருந்து தாயின் மார்க்காம்புக்கும், அங்கிருந்து மறுபடி பிள்ளை வாய்க்கும் கிருமி போய்வரும். காம்பு சிவந்து பளபளப்பாக இருந்தாலும், பால் கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும் ஊசி குத்தினாற்போல் எரிந்தாலும் வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. புட்டிப்பாலுக்கு மாற்றினால் வியாதி கூடும். ரப்பர் காம்பு, சூப்பான் உபயோகிப்பவர்கள் அவற்றைத் தினமும் பத்து நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர்த் திப்பி போன்ற வெள்ளையும் இருந்தால் அதுவும் இதே பூஞ்சையாக இருக்கலாம். பிரசவத்தின் போது அது பிள்ளையின் வாய்க்குப் போகும். அதற்கு முன்பே சொன்னால் தீர்க்கலாம். கர்ப்பகாலத்தில் கடையில் கேட்டுப் பூஞ்சை மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். கணவருக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால் அவரும் கூட வர வேண்டும். இதில் யாருக்கும் அவமானம் இல்லை. யார் நடத்தையிலும் சந்தேகப்பட வேண்டியதும் இல்லை.

பெரியவர் வாயில் வந்தால்

பச்சைப்பிள்ளைக்கு இது வருவது சகஜம். வளர்ந்த ஆளுக்குக் காரணமில்லாமல் வந்தால், உடம்பு ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். சர்க்கரை வியாதி இருப்பது தெரியாமலே பலர் நடமாடுகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் எச்சிலிலும் ஏறும், வாய் உலரும், பூஞ்சை கொழிக்கும். ஆகவே முதலில் சர்க்கரைப் பரிசோதனை. தானாகக் கடையில் வாங்கி ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நல்ல கிருமிகள் செத்து இடம் காலியாகும். ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுகிறவர்கள் உறிஞ்சிய பின் வாய் கொப்புளித்துத் துப்ப வேண்டும். பல் செட் போட்டவர்கள் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் வைக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. 1986-ல் சென்னையில் முதன்முதலாக அது கண்டறியப்பட்ட காலத்தில் மருந்து இல்லை. இப்போது இலவச மருந்து உண்டு. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் நீண்ட காலம் நன்றாக வாழ்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரகசியமாகப் பார்த்துச் சொல்லுவார்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போவதுதான் முறை.

புகையிலை, வெற்றிலைப் பாக்கு போடுகிறவர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இவை பூஞ்சையாக இல்லாமல் புற்றுநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். "சூடு பிடிச்சிருக்கும், சரியாயிரும்" என்று நாள் கடத்தாதீர்கள்.

நினைவில் வைக்க

1. பிறந்த பிள்ளைக்குச் சேனை வேண்டாம், சீம்பால் கொடுங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்.
2. ஒரு வயது வரை தேன் கூடாது. வெங்காரம் எப்போதுமே கூடாது.
3. தயிர், மோர், கீரை சேருங்கள். இனிப்பைக் குறையுங்கள்.
4. வெள்ளை படிந்தால் சுரண்டாதீர்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து மருந்து.
5. பெரியவருக்கு வந்தால் சர்க்கரைப் பரிசோதனை.
6. பிள்ளை பால் குடிக்காவிட்டால், சோர்ந்து கிடந்தால், காய்ச்சல் கண்டால், அன்றே ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 108.

வீட்டுக்குப் போனதும் இருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளை கொட்டாவி விடும்போது வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். பிறகு வீட்டிலுள்ள பெரியவர்கள் வாயையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நாளை காலையிலேயே வந்துவிடுங்கள். வரும்போது இருவருமாக வாருங்கள்.